பாஞ்சாலங்குறிச்சி 1801: முற்றுகை எப்போது விடுதலைப் போராயிற்று?

பாஞ்சாலங்குறிச்சி இரண்டு முற்றுகைகளைக் கண்டது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் நடத்தியது சில நாள்களில் முடிந்தது. கோட்டையை விட்டு வெளியேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இரண்டாவது முற்றுகை 1801 பிப்ரவரியில் தொடங்கி மே 24 வரை நீண்டது. அதை நடத்தியவர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. கும்பினிப் படைக்குப் பெரும் சேதம் விளைத்ததும் மருது சகோதரர்களின் போரோடு போய்ச் சேர்ந்ததும் இந்த இரண்டாவதுதான். ஆனால் மக்கள் நினைவில் முதலாவது இதை விழுங்கிவிட்டது. 1959இல் வந்த திரைப்படம் கயத்தாற்றில் உச்சம் கொள்கிறது. திருநெல்வேலிச் சீமைக்கு வெகு வடக்கே, பழைய தென்னார்க்காட்டில் எழுந்த நெய்வேலி நகரியத்தின் பள்ளி மேடை வரை வந்து சேர்ந்தது அந்தப் படத்தில் கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் வசனமே. ஆறு நாளில் மண்கோட்டையைத் திரும்ப எழுப்பியவர்களின் கதை அவ்வளவு தூரம் வரவில்லை.

இந்தக் குறையை ஆய்வுலகில் முதலில் சரிசெய்ய முனைந்தவர் கே. ராஜய்யன். 1971இல் வெளிவந்த அவரது நூல் 1800-1801 நிகழ்வுகளைத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்று பெயரிட்டு, முதல் விடுதலைப் போராக நிறுவியது. கட்டபொம்மன் என்ற ஒற்றை ஆளின் மீதிருந்த வெளிச்சத்தை அவர் விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருதுகள், மைசூர்ப் பகுதியின் தூந்தாஜி வாக், மலபாரின் கேரள வர்மா எனப் பரவச் செய்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இக்கட்டுரைக்கே இடமில்லை. என் மறுப்பு ஒரு புள்ளியில்தான். 1800இலேயே ஒரு கூட்டணி உருவாகிவிட்டது என்றும், ஊமைத்துரை தப்பிய பாளையங்கோட்டைச் சிறை உடைப்பும் அதைத் தொடர்ந்த முற்றுகையும் அந்தக் கூட்டணிப் போரின் பகுதிகள் என்றும் அவர் வாசிக்கிறார். வரிசை இதற்கு நேர்மாறானது என்று கருதுகிறேன். கூட்டணி முற்றுகையை உண்டாக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சியைப் பொறுத்தவரை, முற்றுகையும் அதன் வீழ்ச்சியுமே கூட்டணியை உண்டாக்கின.

ராஜய்யனின் வாசிப்புக்குத் தூணாக நிற்பது 1801 ஜூன் 16ஆம் நாளிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை. சின்ன மருது பெயரால் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் வாயிலிலும் ஒட்டப்பட்டது அது. நாற்குலத்தாரையும் முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைப்பதாலும், கும்பினிச் சேவகத்தில் இருந்த சுபேதார், ஜமேதார், அவில்தார், சிப்பாய்களை ஆயுதம் ஏந்தச் சொல்வதாலும் அதை ஒரு பாளையத்தின் ஆவணமாகச் சுருக்க முடியாது என்பது அவர் வாதம். ஏற்கிறேன். ஆனால் அறிக்கையின் முதற்பகுதி சொல்வது வேறொன்று. இந்நாட்டாரிடையே ஒற்றுமையும் நட்பும் இல்லை, ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டே நாட்டை அந்நியரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று அது குற்றம் சாட்டுகிறது. ஓராண்டுக்கும் மேலாக இயங்கிவந்த ஒரு கூட்டணியின் குரலா இது? கூட்டணியைக் கட்டத் தொடங்குகிறவர் குரலாகவே என் காதில் விழுகிறது. அறிக்கைக்கு மிகைச்சொல் இயல்பு, கடிந்து பேசுவதும் ஓர் உத்திதான் என்று எவரும் திருப்பிச் சொல்லலாம்; இந்த ஒரு சான்றை மட்டும் நம்பி நான் நிற்கவில்லை.

அதே அறிக்கை கேட்கும் விடுதலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தவர் என்று நவாபு முகமது அலியைக் கண்டிக்கும் அது, ஆற்காட்டை நவாபுக்கும் தஞ்சையை அதன் அரசருக்கும் மற்றவற்றை அவரவர்க்குமாக, பரம்பரை உரிமைப்படி மீட்டுத் தருவதாகவே வாக்களிக்கிறது. பாளையங்களும் அரசுகளும் பழையபடி நிற்கும், அந்நியன் மட்டும் போவான் என்பதே அதன் கனவு. இதனால் அதன் பெருமை குறையாது. ஆனால் 1947இன் பொருளை அப்படியே 1801இல் ஏற்றினால், அந்த மனிதர்கள் உண்மையில் எதற்காகச் செத்தார்கள் என்பது மறைந்துபோகும்.

அடுத்த சான்று முற்றுகையின் போக்கிலேயே இருக்கிறது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் உடனிருந்தோரும் தப்பினர். ஒரு வாரத்தில் மேஜர் மெக்காலே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனபோது, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை மீண்டும் நின்றது. வந்த படை பாளையங்கோட்டைக்கே திரும்ப நேர்ந்தது. மார்ச் 31இல் நடந்த பெருந்தாக்குதலில் முன்னணியில் ஏறிய 120 ஐரோப்பியரில் காயமின்றித் திரும்பியவர் 46 பேர். கர்னல் அக்னியூ புதிய படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகே மே 24இல் கோட்டை விழுந்தது. இந்த நான்கு மாதத்தில் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். சுற்றூர்கள் சோறும் ஆளும் தந்தன. வெளியிலிருந்து ஆதரவு அறவே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முற்றுகையை உடைக்க ஒரு பெரும் படை வரவில்லை. மருதுகளின் முழுப்போர் கோட்டை விழுந்து, தப்பியவர்கள் சிவகங்கைச் சீமைக்குள் புகுந்த பிறகே வெளிப்படையாக வெடிக்கிறது. மே 24க்கும் ஜூன் 16க்கும் இடையில் எந்த நாளில் இரு தரப்பும் கைகோத்தன என்பதை நான் வற்புறுத்தவில்லை. அந்த மூன்று வாரங்களே திருப்புமுனை என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன்.

ஊரார் ஆதரவு எத்தன்மையது என்பதற்கு ஒரே ஒரு பகுதியை நெருங்கிப் படிக்க வேண்டும். முற்றுகையில் இருந்த கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் தன் படைவாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். கால்டுவெல் 1881இல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை நீளமாக எடுத்தாண்டார். வாய் பேசாத ஊமைத்துரை இடக்கையில் துரும்புகளை அடுக்கி, அவையே ஆங்கிலப் படை என்று காட்டி, வலக்கையால் அவற்றை ஊதலொலியோடு வழித்தெறிவதே தாக்குதலுக்கான சைகை என்று வெல்ஷ் எழுதுகிறார். கோட்டை விழுந்த அன்று களத்தில் மகனைத் தேடி வந்த தாயிடம், தன்னை விட்டுவிட்டு அருகே காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி மகன் கேட்கிறான். அவள் ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். தேடிவந்த, கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்களிடம், துணி போர்த்திய உடலைக் காட்டி அம்மை கண்டு செத்துவிட்டான் என்று பெண்கள் கதற, வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

இது புனைவு என்று தள்ளுவது எளிது. நான் தள்ள மாட்டேன். அந்த வீட்டுக்குள் வெல்ஷ் இருந்திருக்க முடியாது; ஊரார் வாய்வழியாகத்தான் இது அவரை எட்டியிருக்க வேண்டும். ஆகவே ஏட்டில் ஏறிய ஊமைத்துரைக் கதைகளின் மிகப் பழைய அடுக்குகளில் ஒன்று ஓர் எதிரியின் நூலுக்குள் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: சிறைபட்டவர்களுக்கு அம்மை கண்டிருந்ததால் அவர்களின் விலங்கு தளர்த்தப்பட்டிருந்தது என்பதும் வெல்ஷ் தரும் செய்தியே. ஒரு கதையில் அம்மை இரண்டு முறை வருவது கதைசொல்லியின் கைவேலையாக இருக்கலாம். ஆனால் அம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்ததே 1802இல்தான். 1801இல் கோட்டைக்கும் குடிசைக்கும் பொதுவான அச்சம் அது. இரண்டு இடத்திலும் அது வருவதில் வியப்பில்லை. நிகழ்ச்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, ஒரு தாய் தன் மகனைவிடத் தலைவனைத் தேர்ந்தாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது மெய். தொலைவில் வகுத்த திட்டம் எதுவும் இந்தப் பற்றை உண்டாக்கியிருக்க முடியாது.

எதிரி எழுதிய நினைவேடு வீரகதையை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு டெக்சாஸின் அலாமோ ஒரு நல்ல ஒப்பு. 1836இல் 13 நாள் நீடித்த அந்த முற்றுகையில் டேவி கிராக்கெட் போரிட்டு விழவில்லை, பிடித்துக் கொல்லப்பட்டார் என்று மெக்சிக அதிகாரி டி லா பெனாவின் குறிப்பு சொல்ல, அமெரிக்கர் கொதித்தனர். இங்கே எதிரியின் குறிப்பு வீரனைக் குறைக்கவில்லை, உயர்த்துகிறது. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றவர் வெல்ஷ். அந்தப் பழைய நட்பு அவர் எழுத்தைக் கனியச் செய்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்கிறேன். கட்டபொம்மனின் படைத்தலைவர்கள் வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் வாய்மொழி மரபில் உயிரோடு இருக்கிறார்கள். கும்பினி ஏடுகளின் மௌனத்தை வைத்து அவர்களை இல்லாதவர்களாக்குவது ஆய்வாகாது. சில தலைவர்கள் பெயரைத் தவிர மற்றவர்களின் பெயரைக் கேட்டு எழுத அந்த அதிகாரிகளுக்குத் தேவை இருக்கவில்லை.

காளையார்கோயில் 1801 அக்டோபர் 1இல் விழுந்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். ராஜய்யன் தரப்பில் மிஞ்சும் வலுவான சான்று 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க நடந்த முயற்சி. அது பல சீமையாரை இணைத்த திட்டம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இழை சிறை உடைப்புக்கு முன்பே பாளையங்கோட்டைக்குள் எட்டியிருந்தது என்று காட்டும் ஓர் ஓலையோ கடிதமோ கிடைத்தால், மேலே சொன்ன வரிசையை மாற்ற வேண்டிவரும். அதுவரை 1801 பிப்ரவரியை மே மாதத்தின் பொருளில் வாசிப்பதற்குச் சான்று போதாது.