சுரங்கத்திலிருந்து குழந்தைகள் காப்பகம் வரை

சாம்பியன் ரீப்ஸ் என்றதும், பூமிக்குள் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கிய தங்கச் சுரங்கமும், அதில் உழைத்த தமிழ்க் குடும்பங்களும் நினைவுக்கு வரும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் வேலை தொடங்கியபின், வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்றவர்கள் லைன் வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். நெருக்கம் உறவை வளர்க்கும், நோயையும் பரப்பும்.

தங்கச் சுரங்கத்திற்கும் நிமோனியாவுக்கும் உலக வரலாற்றிலேயே தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் அந்நோயால் மாண்டபோது, தடுப்பூசியைச் சோதிக்க ஆல்ம்ரத் ரைட் என்னும் அறிஞர் 1911-இல் அங்குச் சென்றார். அந்நாட்டுச் சுரங்கங்களிலேயே பின்னாளில் ராபர்ட் ஆஸ்டிரியன் சோதித்த தடுப்பூசிக்கு 1977-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இடைக்காலத்தில் பெனிசிலின் வந்துவிட்டது. நம் நாட்டில் பிம்ப்ரி தொழிற்சாலை 1955-இல் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஆனால், போதிய அளவில் உட்கொள்ளாவிடில் கிருமிகள் மருந்துக்கு மசியாமற்போகும் என்று, அதனைக் கண்டறிந்த பிளெமிங்கே 1945-இல் எச்சரித்திருந்தார். 1977-இல் டர்பனிலும் ஜோகானஸ்பர்க்கிலும் அவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று. பல மருந்துகளையும் எதிர்க்கும் நியுமோகாக்கஸ் கிருமிகள் அங்கே வெளிப்பட்டன. நோயுற்றோரிடம் மட்டுமன்றி, அந்நோயின் அறிகுறி எதுவுமில்லாத குழந்தைகளின் மூக்கிலும் அவை குடியிருந்தன.

இது எவ்வாறு நிகழ்கிறது? சிறு குழந்தையின் மூக்கில் இக்கிருமி இருப்பது இயல்பு. வேலூர்ப் பகுதியில் 1990-களில் ஆராய்ந்தவர்கள் நலமாயிருந்த கைக்குழந்தைகளிடமும் இதனைக் கண்டனர். சளிக்கெல்லாம் ஆண்டிபயாடிக் கொடுத்தால், எளிய கிருமிகள் மடியும். எதிர்த்து நிற்பவை மட்டும் தங்கிப் பெருகும். பல குழந்தைகள் கூடியிருக்கும் காப்பகத்தில் தும்மலும் எச்சிலும் அவற்றை அடுத்த குழந்தைக்குக் கொண்டு செல்லும். அங்கிருந்து வீட்டிலுள்ள முதியவரை அவை அடையும்போது, வழக்கமான மருந்து பயன்படாது போகலாம்.

இதற்கு மாற்று உண்டென்று ஐஸ்லாந்து காட்டியது. 1988-இல் அங்குத் தலைகாட்டிய அத்தகைய கிருமி, குழந்தைகள் காப்பகங்களின் வழியே பரவி, 1993-இல் நியுமோகாக்கஸ் நோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குக் காரணமாயிற்று. மருத்துவரும் பெற்றோரும் மருந்துப் பயனைக் குறைத்தனர். அதன்பின் கிருமியின் ஆதிக்கமும் தணிந்தது.

பெண்கள் வேலை செய்யும் சுரங்கங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டுமென விதிக்க 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வழிசெய்தது. 2001-இல் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூரார் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். காப்பகமின்றி அத்தகைய வாழ்க்கை நடவாது. பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் அதுவே. ஆகவே குற்றம் காப்பகத்தினுடையதன்று. பிள்ளைக்குச் சளி என்றதும், விடுப்பு எடுக்க இயலாத தாய், சென்ற முறை மீந்த மருந்தைப் புகட்டிக் காப்பகத்திற்கு அனுப்பிவிடுகிறாள். அவள் அவசரம் நமக்குப் புரிகிறது. ஆயினும் சாதாரணச் சளிக்கு அம்மருந்தால் பயனில்லை.

கை கழுவுதல், மருத்துவர் சொன்னபோது மட்டும் சொன்ன அளவில் மருந்து, 2021 முதல் நாடெங்கும் அரசு இலவசமாய் வழங்கும் நியுமோகாக்கஸ் தடுப்பூசி ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளன. சுரங்கத்துப் பொன் தீர்ந்தது. நம் மக்களுக்கு மருந்தின் வலிமையும் தீர்ந்துபோக விடலாகாது.