எவருடைய உடைமை?

மலேசியாவிலிருந்து ஊர் திரும்பும் உறவினர் பெட்டியைத் திறந்தால், கட்டம் போட்ட கைலிகள் இரண்டேனும் இல்லாதிருப்பது அரிது. அந்நாட்டார் அதனைக் ‘காயின் பெலேக்காட்’ என்பர். வீட்டிலும் பள்ளிவாசலிலும் மலாய் முஸ்லிம்கள் உடுத்தும் அவ்வுடை இன்று அவர்தம் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆயின் அப்பெயருக்குள் மறைந்திருப்பது சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் அமைந்த நமது பழவேற்காடே!

1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் அங்குக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். கிராம்பும் சாதிக்காயும் விளையும் கிழக்குத் தீவுகளில் சோழமண்டலக் கரைத் துணிக்கு இருந்த மதிப்பை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே நம் மரக்கலங்கள் அக்கடல்வழியில் ஓடிக்கொண்டிருந்தன. துணி சென்றது; துறைமுகத்தின் பெயரும் உடன் சென்றது. நம் ‘கப்பல்’ என்ற சொல்லையும் ‘கடை’ என்ற சொல்லையும் கூட மலாய் மொழி தனதாக்கிக் கொண்டது. இதனைத் திருட்டு என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம், பெருமையோடன்றோ நினைவுகூர்கிறோம்!

ஆனால் அதே கடற்பரப்பில், ஒரே மார்க்கத்தையும் ஏறத்தாழ ஒரே மொழியையும் உடைய இரு நாடுகளுக்கிடையே ‘எங்கள் பண்பாட்டைத் திருடிவிட்டீர்’ என்ற குரல் எழுந்தது. 2007இல் மலேசியச் சுற்றுலா விளம்பரத்தில் ‘ராசா சாயாங்’ பாடல் ஒலித்தபோது, அது எங்கள் மலுக்குத் தீவுகளின் பாட்டு என்று இந்தோனேசியர் வாதிட்டனர். 2009இல் மலேசியாவைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் முன்னோட்டத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் இடம்பெற்றது. ஜகர்தாவில் கண்டன ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அந்த நடனம் பாலியினுடையதே. அதனை வேறொரு நாட்டின் முகமாகக் காட்டியது பிழையே. எனினும் ஒரு முன்னோட்டப் படத்தின் பிழைக்காக, இரு நாட்டு மக்களுக்கிடையே பகை மூள வேண்டுமா?

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் கலையை இந்தோனேசியாவின் பெயரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வழக்கில் வென்றது போலப் பலர் மகிழ்ந்தனர். உண்மையில் அப்பட்டியல் உரிமைப் பத்திரமன்று. ஒரு மரபு ஒரு மக்களிடத்தில் உயிரோடிருக்கிறது என்பதற்கான சான்றே அது. பிறரிடத்தில் அது இல்லை என்று அது தீர்ப்பளிப்பதில்லை.

இத்தகைய குற்றச்சாட்டுகள் எங்கும் மலிந்துவிட்டன என்ற எண்ணம் இன்று பரவியுள்ளது. ஒரு புகார் எழுந்தால் அது செய்தியாகிறது. நாள்தோறும் அமைதியாக நிகழும் ஆயிரம் கொள்வினை கொடுப்பினைகள் செய்தியாவதில்லை. ஆகவே பூசலின் ஓசையைக் கொண்டு அதன் அளவைக் கணிப்பது சரியாகாது.

அதற்காகப் புகார்கள் அனைத்தும் வீண் என்று தள்ளிவிடவும் இயலாது. 19ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் சாவகத்தாரின் பாத்திக் கோலங்களை இயந்திரத்தில் அச்சிட்டு, சாவகத்திலேயே விற்க முனைந்தன. கையால் மெழுகிடுவோரின் பிழைப்பையே பறிக்கக்கூடிய முயற்சி அது. 2025இல் இத்தாலியின் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பையொத்த காலணிகளை மிலான் நகர மேடையில் காட்டியபோது, அவற்றின் பிறப்பிடத்தைக் குறிப்பிடவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அந்நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டது. எளியவனின் கைத்திறனை வலியவன் எடுத்து, அவன் பெயரையும் மறைத்து, விலையையும் தானே பெறுவானாயின் அது அநீதியே. பழகிக் கலந்து பெறுவது வேறு. பறித்து மறைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதாலேயே வழக்கு வளர்கிறது.

நம்மையே எண்ணிப் பார்ப்போம். அரபு எழுத்துக்களை எடுத்து, தமிழ் ஒலிகளுக்கேற்பப் புள்ளிகள் சேர்த்து, அரபுத்தமிழ் வரிவடிவத்தை நம் முன்னோர் உருவாக்கினர். மலாய் மக்கள் அவ்வாறே ஜாவியை ஆக்கிக் கொண்டனர். உமறுப் புலவர் தமிழ்க் காப்பிய மரபை எடுத்து நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடினார். அரபு மொழியும் குறையவில்லை, தமிழும் குறையவில்லை. பெறாமல் வளர்ந்த பண்பாடு எது?

பூசலிட்டவர்களே பின்னர் நல்வழியையும் காட்டினர். 2020இல் பாந்துன் எனும் கவிதை மரபை இந்தோனேசியாவும் மலேசியாவும் இணைந்தே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன. 2024 டிசம்பரில் பெண்டிரின் கெபாயா மேலாடையைப் புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒன்றாகப் பதிவு செய்தன. தனக்கே உரியது என்று தனித்து நிற்க விரும்பியோர் இந்தோனேசியாவில் இருந்தும், இறுதியில் அந்நாடும் கூட்டில் சேர்ந்தது. ஒருவர் பெற்றதால் மற்றவர் இழக்கவில்லை.

அடுத்த முறை உறவினர் தரும் கைலியை உடுத்தும்போது, பழவேற்காட்டின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நாம் பெற்றவற்றை நன்றியோடு ஒப்புக்கொள்வோம். நாம் கொடுத்தவற்றைச் சொல்லிக்காட்டாதிருப்போம். நெய்தவனுக்கு உரிய கூலியையும் பெயரையும் மட்டும் எவரும் மறுக்காதிருக்கட்டும்.