கிராஸ் பட்டி

போன மாதம் பேத்தி மயிலாடுதுறையிலிருந்து ஒரு சுருள் ரெடிமேட் பைப்பிங் வாங்கி வந்தாள். ஓரம் மடித்து, இஸ்திரி போட்டது மாதிரி ஒரே சீராக இருந்தது. கையில் வாங்கியதும் அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் ராணித் தெருவில் குடியிருந்தபோது அதற்குள் கலர் கலராகக் கிராஸ் பட்டி சுருட்டி வைத்திருப்பார்.

தையல் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துணியில் பாவு நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே ஓடும். இந்த இரண்டு வாக்கிலும் இழுத்தால் துணி அவ்வளவாகக் கொடுக்காது. மூலைவாக்கில் இழுத்தால் நீண்டு கொடுக்கும். ரவிக்கைக் கழுத்து வளைவானது. அதன் ஓரத்தில் நேர்வாக்கில் வெட்டிய பட்டியை வைத்தால் சுருக்கம் விழும். அதனால் பாவு ஊடையின் மேல் படிகிற மாதிரி துணியை மடித்து, அந்த மடிப்பை ஒட்டியே ஓர் அங்குல அகலத்தில் வெட்டுவார் அம்மா. துண்டுகளைச் சாய்வாக இணைத்து, கழுத்து வளைவில் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்து, ஓரத்தைச் சுற்றி உள்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்வார். ஓர் அங்குலப் பட்டி கால் அங்குல ஓரமாக முடியும்.

நம் பக்கத்தில் தையல் புதிதல்ல. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் இருந்த தொழிலாளர்களைச் சொல்லும்போது துன்னகாரரையும் சேர்த்தே சொல்கிறது. துன்னகாரர் என்றால் தையல்காரர். பூம்புகார் நமக்கு வடக்கே பக்கத்தில்தானே இருக்கிறது! 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு இங்கே வந்த டேனிஷ்காரர்கள் மிளகைத் தேடி வந்தவர்கள். பிறகு பருத்தித் துணியும் ஏற்றினார்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். படிப்போடு நூல் நூற்பதும் பின்னுவதும் அங்கே உண்டு. எங்கள் காலம் வரை பெண்கள் பள்ளிகளில் தையல் வகுப்பு இருந்ததை நினைத்தால், அது நீண்ட வரலாறுதான்.

மிஷின் வந்தது வெகு பிந்தி. சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851-ல். இயந்திரங்களை அவ்வளவு சாடிய காந்தி, தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணச் சகிக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று 1924-ல் ஜி. ராமச்சந்திரனிடம் சொன்னாராம். பிற்பாடு சௌந்தரம் அம்மாளோடு காந்திகிராமத்தைத் தொடங்கியவர் இந்த ராமச்சந்திரன்தான். சிங்கரின் குடும்பக் கதை அவ்வளவு உத்தமமானதல்ல, பல பெண்களோடு பல பிள்ளைகள் பெற்றவர் அவர். 1915-ல் நம் ஊருக்கே வந்துபோன மகாத்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது!

எங்கள் வீட்டில் இருந்தது உஷா, கால் மிஷின். அப்பா இறந்தபின் 1961-ல் தவணையில் வாங்கியது. பட்டி தைக்க பைண்டர் என்று சின்னப் புனல் மாதிரி ஓர் உறுப்பு அதோடு வந்தது. அம்மா அதைத் தொட்டதே இல்லை. "என் விரல் அளவு அதுக்குத் தெரியுமா?" என்பார்.

இனி சொல்வது இதுவரை நான் எழுதாதது.

கிராஸ் வெட்டினால் மூலைகள் மிஞ்சும். பத்து அங்குலச் சதுரத் துண்டு ஒன்று கிடைத்தால், ஓர் அங்குலப் பட்டியாகக் கணக்குப்படி 100 அங்குலம் வரும். இணைப்புத் தையலில் கொஞ்சம் போனாலும் இரண்டு மூன்று கழுத்துக்குத் தாராளம். பாட்டிலில் இருந்ததெல்லாம் அப்படி மிஞ்சியவைதான். துணி போதாமல் கொண்டுவருகிற ஏழைப் பெண்களின் ரவிக்கைக்கு அம்மா அதிலிருந்து பட்டி வைத்துக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார்.

ஒருநாள் வசதியான வீட்டு அம்மாள் ஒருவர், மாசிலாமணிநாதர் கோயிலில் ஒரு மீனவப் பெண்ணின் வெள்ளை ரவிக்கைக் கழுத்தில் தன் பச்சைப் பட்டைப் பார்த்துவிட்டார். நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "என் துணியைத் திருடியா ஊருக்குத் தைக்கிறே?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எடுத்தது உண்மைதான். தையற்காரர் எல்லோரும் மிச்சத்தை வைத்துக்கொள்வது வழக்கம் என்றாலும், யாரிடமும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அது திருட்டா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவே அம்மா பாட்டிலைத் தரையில் கவிழ்த்து, இன்னது இன்னார் வீட்டுத் துணி என்று நினைவிலிருந்தே பிரித்து, சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டினார். மறுநாள் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். பாதிப் பேர், "இது எதுக்குடா தம்பி?" என்று சிரித்தார்கள். பச்சைப் பட்டு வீட்டில் மட்டும் கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு வெட்டிய துண்டெல்லாம் ரவிக்கையோடு சேர்ந்தே போகும். துணி குறைவாகக் கொண்டுவருகிறவர்களிடம், "கால் கஜம் கூட வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லத் தொடங்கினார். சிலர் வாங்கி வந்தார்கள், சிலர் வரவே இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹூக்கும் பட்டனும் போட்டு வைத்தார்.