தணிக்கையகக் கைமாற்றம்

ஓய்வுபெறும் பட்டயக் கணக்காளர் தம் தொழிலை மற்றொருவரிடம் விற்று ஒப்படைக்கும் முறை. மேசை, கணினியைவிட வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கே இதில் விலை. கணக்கியலில் அதை நற்பெயர் என்பர். பிரிட்டனில் ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் கட்டணத்தை வைத்தே பெரும்பாலும் விலை பேசுகிறார்கள். வாடிக்கையாளர் விலகினால் தொகை குறையும் என்ற நிபந்தனையும் சேர்வதுண்டு.

இந்தியாவில் 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், தொழில் வருமானத்தை வெளியாருடன் பங்கிடத் தடை விதிக்கிறது. இறந்த கூட்டாளியின் சட்டப்பூர்வ வாரிசுக்கு விலக்கு உண்டு. தனியாளாகத் தொழில் நடத்தியவரின் மனைவிக்கு அந்தப் பங்கு கிடையாது. நற்பெயரை மட்டும் வேறொரு பட்டயக் கணக்காளருக்கு விற்கலாம். ஆகவே தனியாக நடத்துவோர், உடம்பில் தெம்புள்ளபோதே இளைய கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.