கொடையும் நிபந்தனையும்: நூல், சுவடி, ஆவணக் காப்பில் அறக்கட்டளைகளின் பங்கு

ஒரு மொழியின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதன்மைச் சான்றுகளாக அமைவன அம்மொழியில் எழுதப்பட்டும் அச்சிடப்பட்டும் எஞ்சியிருக்கும் மூலங்களாகும். அவை எஞ்சியிருப்பது தற்செயலான நிகழ்ச்சியன்று. யாரோ ஒருவர் பொருள் செலவிட்டிருக்கிறார். அச்செலவுக்கு ஏதோ ஒரு நிபந்தனையும் இருந்திருக்கிறது. நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் தொகுப்புகளைக் காப்பதற்கு அறக்கட்டளைகள் வழங்கிய நல்கைகளைப் பற்றிப் பேசும்போது கொடையின் தொகையையே பெரும்பாலும் குறிப்பிடுகிறோம். எந்தச் சான்று எங்கே, எந்த வடிவில், யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் தொகையைக் காட்டிலும் நிபந்தனைக்கே பெரும்பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை சில வரலாற்று நிகழ்வுகளின் வழி நிறுவ முயல்கிறது.

1. நிபந்தனையற்ற கொள்முதல்

அச்சுக்கு முந்தைய காலத்தில் காப்பு என்பது படியெடுத்தலே. ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் எழுதிவைத்தலை மடங்களும் அரண்மனைகளும் புலவர் குடும்பங்களும் தத்தம் செலவில் செய்துவந்தன. படியெடுப்போர்க்கு ஊதியம் நின்றபோது நூலும் நின்றது. ஏடு இருந்த இடத்திலேயே அதன் பயன்பாடும் இருந்தமையால் காப்பும் கல்வியும் பிரியாதிருந்தன.

அவ்விரண்டும் பிரிந்ததற்கு மெக்கன்சி தொகுப்பு தக்க எடுத்துக்காட்டாகும். இந்தியாவின் தலைமை நில அளவையராக இருந்த காலின் மெக்கன்சி தென்னாட்டில் பல்லாண்டுகள் திரட்டிய சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகள், வரைபடங்கள் ஆகியவற்றை, 1821இல் அவர் மறைந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. தொகை பெரிதே. ஆயினும் தொகுப்பு பிரிக்கப்படலாகாது என்றோ, திரட்டிய பகுதியிலேயே இருக்கவேண்டும் என்றோ நிபந்தனை எதுவும் இல்லை. ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. தென்மொழிச் சுவடிகளுள் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பிப் பிற்காலத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைச் சேர்ந்தது. இன்றும் ஓர் ஊரின் வரலாற்றை இத்தொகுப்பின் வழி ஆராய்வோர் இரு நாடுகளின் அட்டவணைகளை ஒப்பிட வேண்டியுள்ளது.

2. பராமரிப்பை வற்புறுத்திய கொடை

இதற்கு நேர்மாறான முறை ஆன்ட்ரு கார்னகியின் நூலகக் கொடைகளில் காணப்படுகிறது. 1883 முதல் அவருடைய பொருளால் 2,500க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் பல நாடுகளில் எழுந்தன. கட்டடத்திற்கு அவர் பணம் தருவார். மனையை ஊரார் தரவேண்டும். மேலும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தின் நடைமுறைச் செலவுக்கு ஒதுக்குவதாக ஊராட்சி உறுதியளிக்கவேண்டும். இந்நிபந்தனையை ஏற்க இயலாமல் கொடையையே மறுத்த ஊர்களும் உண்டு. கொடையாளர் விலகிய பின்னும் நிறுவனம் நிலைக்கவேண்டும் என்பதே இந்நிபந்தனையின் உட்பொருள்.

அவர் நிறுவிய நியூயார்க் கார்னகி கார்ப்பரேஷன் பொருளுதவியுடன் மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் ஆகிய இருவர் இந்திய அருங்காட்சியகங்களை ஆய்ந்து எழுதிய அறிக்கை 1936இல் வெளிவந்தது. இங்கே கொடையின் பயனாகக் கிடைத்தது கட்டடமன்று, கணக்கெடுப்பு. தொகுப்புகளின் நிலை என்ன என்பதை அறிந்து எழுதிவைத்தலும் காப்புப் பணியே என்பதற்கு இது முன்மாதிரியாயிற்று.

3. தாளின் ஆயுள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சுத் தாள் பெரும்பாலும் மரக்கூழால் ஆயிற்று. மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பசையும் அதில் சேர்க்கப்பட்டன. இவற்றால் தாளில் அமிலம் தோன்றி இழைகளை அறுக்கிறது; வெப்பமும் ஈரமும் இதனை விரைவுபடுத்துகின்றன. தாள் பழுத்து, மடித்த இடத்தில் முறிகிறது. ஓலையைக் கறையான் தின்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தாள் தன்னைத் தானே அழித்துக்கொள்வதைப் பலர் அறியவில்லை.

இதனை ஐயத்திற்கிடமின்றி உணர்த்திய ஆய்வும் அறக்கட்டளைப் பணத்தால் நிகழ்ந்ததே. ஃபோர்டு அறக்கட்டளை 1956இல் தோற்றுவித்த நூலக வளங்கள் மன்றத்தின் நல்கையைக் கொண்டு வில்லியம் பேரோ என்பார் 1900 முதல் 1949 வரை அச்சான 500 நூல்களின் தாளைச் சோதித்தார். அவற்றுள் 97 விழுக்காட்டு நூல்களின் பயன்படும் ஆயுள் 50 ஆண்டுகளைத் தாண்டாது என்பது 1959இல் வெளியான அவர்தம் முடிவு. இதன் பின்னர் அமெரிக்க நூலகங்களில் நுண்படச் சுருள் எடுக்கும் பணி பெருந்திட்டமாக வளர்ந்தது.

பேரோ ஆராய்ந்தவை அமெரிக்க நூல்கள். எனினும் அதே காலத்தில் மலிவுத் தாளில் அச்சான தமிழ்ப் பாட்டுப் புத்தகங்கள், நாடக விளம்பரங்கள், வார மாத இதழ்கள் ஆகியன வெப்ப மண்டலத்தில் இருந்தமையால் அவற்றின் நிலை இன்னும் நலிந்ததாகவே இருந்திருக்கும். பேச்சுவழக்குச் சொற்களும், பிறமொழிக் கலப்பும், புதிய தொடரமைப்புகளும் முதலில் இடம்பெற்றவை இத்தகைய வெளியீடுகளே என்பதை மொழியியலார் அறிவர்.

4. கோதுமைப் பணமும் புத்தகங்களும்

அறக்கட்டளைக் கொடை அன்றாயினும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது பி.எல். 480 திட்டம். 1954ஆம் ஆண்டின் அச்சட்டப்படி இந்தியாவுக்கு விற்கப்பட்ட கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. நம் நூலகங்கள் வாங்காமல் விட்ட பல தமிழ் வெளியீடுகள் சிகாகோ போன்ற இடங்களில் முறையாக அட்டவணைப்படுத்தப்பட்டு இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அத்திட்டம் அக்கால வெளியீடுகளையே பெரிதும் நாடியது. அதற்கு முந்தைய அச்சு நூல்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

5. மூலம் இங்கே, படி அங்கே

அவ்வெல்லைக்கு வெளியே நின்றவற்றைத் திரட்டியவருள் ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர், தம் சொந்தப் பணத்தில் பல்லாண்டுகள் வாங்கிச் சேர்த்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு இதழ்கள், துண்டு வெளியீடுகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் தம் ஊரில் வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்தபின் தொகுப்பின் நிலை கேள்விக்குரியதாயிற்று. அதன் அருமையை அறிந்திருந்த ஏ.கே. இராமானுசன் தாம் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் கவனத்தை அதன்பால் ஈர்த்தார். 1993இல் அவரும் மறைந்தார். 1994இல் பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது.

வாங்கியது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயினும், தொகுப்பு கப்பலேறவில்லை. மூலங்கள் சென்னையிலேயே இருக்கும். மொழி அறக்கட்டளை அவற்றை நிருவகிக்கும். நுண்படச் சுருளின் படி சிகாகோவுக்குச் செல்லும் என்பது ஏற்பாடு. பிற்காலத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கெனத் தனி அறக்கட்டளையும் அமைந்தது. மெக்கன்சி தொகுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஏற்பாட்டில் அடங்கியுள்ளது. மூலம் இங்கே இருந்தமையால் அட்டவணைப் பணியாளரும் நுண்படக் கலைஞரும் இங்கே உருவாயினர்.

பின்னர் வந்த நல்கைகள் பொருள்வழி நிபந்தனை கொண்டவை. மருத்துவ வரலாற்றில் நாட்டமுடைய இலண்டன் வெல்கம் அறக்கட்டளையின் நல்கை அந்நூலகத்தின் நாட்டு மருத்துவ நூல்களைக் காக்கப் பயன்பட்டது. நோய்ப்பெயர், மூலிகைப்பெயர், அளவைச் சொற்கள் ஆகியவற்றை ஆராயும் அகராதியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பெரும்பேறு. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. கொடையாளரின் நாட்டத்திற்குள் அடங்கும் துறை முன்னே காக்கப்படும், அடங்காதது காத்திருக்கும். அமிலம் காத்திருப்பதில்லை.

6. அழிநிலை ஆவணத் திட்டம்

2004இல் பிரித்தானிய நூலகம் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டம் இம்முறையை உலகளவில் விதியாக்கிற்று. ஆர்க்கேடியா என்னும் அறக்கட்டளை அதற்குப் பொருளுதவி செய்தது. மூல ஆவணம் தன் நாட்டை விட்டு வெளியேறலாகாது. மின்னணுப் படி உள்நாட்டு நிறுவனத்திலும் பிரித்தானிய நூலகத்திலும் வைக்கப்படவேண்டும். ஆய்வாளர்க்குத் திறந்திருக்கவேண்டும் என்பன அதன் அடிப்படை விதிகள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்திட்டத்தின்கீழ்ப் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் படியெடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகச் சிற்றூர்களில் தனியாரிடம் இருந்த நில ஆவணங்கள், வழக்கு ஆவணங்கள், பழைய ஒளிப்பட நிலையப் படங்கள் ஆகியவற்றைப் படியெடுத்தது. இலக்கிய வழக்கில் இடம்பெறாத ஆட்சிச் சொற்களும் வட்டார வழக்குகளும் இவ்வாவணங்களில் செறிந்துள்ளன.

படி ஓரிடத்தில் மட்டும் இருத்தல் கூடாது என்ற விதியின் மதிப்பு 2023இல் விளங்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பு தாக்குதலுக்குள்ளாகி முடங்கியது. இத்திட்டத்தின் படங்களையும் இணையவழி பல மாதங்கள் காண இயலாமற் போயிற்று. உலகின் பெருநூலகங்களுள் ஒன்றுக்கே இந்நிலை எனில், தொலைவிலுள்ள ஒரே காப்பிடத்தை நம்பியிருத்தல் தகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

7. நல்கையில் அடங்காதவை

திட்ட நல்கைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, காப்புக்கு முடிவில்லை. படமெடுக்கும் செலவை நல்குவோர் கிடைப்பர். குளிரூட்டிய அறையின் மின்கட்டணத்தை, பணியாளரின் பத்தாம் ஆண்டு ஊதியத்தை, பழுதான வன்தட்டை மாற்றும் செலவை நல்குவோர் அரியர். நுண்படச் சுருளை ஒளியும் உருப்பெருக்கியும் கொண்டு படிக்கலாம். மின்னணுப் படியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கும் வடிவத்துக்கும் மாற்றாவிடில் அது கண்ணெதிரே இருந்தும் இல்லாததாகும். பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கச் சொன்ன கார்னகியின் நிபந்தனையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

அட்டவணைப் பணியும் இத்தகையதே. பழைய தமிழ் நூலொன்றை அட்டவணைப்படுத்துதல் மொழியறிவு வேண்டும் பணி. 'திருவிளையாடற்புராணம்' எனச் சேர்த்து அச்சிட்டதைச் 'திருவிளையாடல் புராணம்' எனப் பிரித்துத் தேடுவோர்க்கு அது கிட்டாது. முகப்புப் பக்கத்தில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் இருப்பின் அது 1867ஐச் சுட்டுமா 1927ஐச் சுட்டுமா என்பதை எழுத்தமைப்பு, அச்சுக்கூடத்தின் பெயர், பதிப்பித்தவரின் காலம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யவேண்டும். ஆசிரியர் பெயரில் ஊரும் பட்டமும் குலப்பெயரும் தந்தை பெயரும் கலந்து நிற்கும். ஒரு பக்கத்தைப் படமெடுக்கச் சில நொடிகள் போதும். ஒரு நூலைச் சரியாக விவரிக்க ஒரு முற்பகல் வேண்டியிருக்கலாம். விவரிக்கப்படாத படம் கட்டவிழ்க்கப்படாத ஏட்டுக்கட்டினும் பயனுடையதாகாது.

8. தொகுப்புரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. கொள்முதலுக்கு நிபந்தனை இல்லாதபோது தொகுப்பு சிதறிற்று. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது பொருளோடு திறமையும் இங்கே தங்கிற்று. படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இடர்க்காலத்தில் துணையாகிறது. பராமரிப்பைப் பற்றிய நிபந்தனை மட்டும் இக்காலத் திட்ட நல்கைகளில் மெலிந்து காணப்படுகிறது.

நிபந்தனைகளை வகுப்பவர் கொடையாளர் மட்டுமே என்று கருதவேண்டுவதில்லை. விண்ணப்பம் எழுதுவோர் பெரும்பாலும் நம் பல்கலைக்கழகங்களையும் நிறுவனங்களையும் சார்ந்தோரே. ஆதலின், படமெடுக்கும் பக்கங்களின் எண்ணிக்கையை விண்ணப்பத்தில் குறைத்தேனும், தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்துப்பெயர்ப்பிலும் அமைந்த முழுமையான அட்டவணைக்கும், அதனைச் செய்யும் மொழியறிந்த பணியாளரின் ஊதியத்துக்கும் இடம் கேட்டல் வேண்டும். நல்கை முடிந்தபின் ஆண்டுச் செலவை ஏற்பது யார் என்பதையும், இந்தியாவுக்குள்ளேயே இரண்டாம் படி எங்கே இருக்கும் என்பதையும் நிறுவனங்கள் பணி தொடங்குமுன்பே எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இத்தொகுப்புகளைப் பயன்படுத்துவோர் மட்டுமல்லர். அட்டவணைக்கு வேண்டிய அறிவை உடையவரும் அவர்களே. அவ்வறிவுக்கு உரிய இடத்தை விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே கோருவது அவர்தம் கடமையாகும்.