16/0 ரீலும் ஒரு கொம்பன் சுறாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. மீன் பிடிக்கிறதைப் பத்தி எழுதினா நாலு பேர் திட்டுவீங்க, ரெண்டு பேர் 'குழம்பு வச்சீங்களா'ன்னு கேட்பீங்க. ரெண்டு கோஷ்டிக்கும் முதல்லயே பதில் சொல்லிடறேன். திட்டுறதுல நியாயம் இருக்கு. குழம்பு வைக்கலை.

ஆறு வருசத்துக்கு முன்னாடி, ஒரு ஜூன் மாசம். டெக்சாஸ்ல கார்ப்பஸ் கிறிஸ்டி ஊருக்குத் தெற்கே பாட்ரே ஐலண்ட்னு ஒரு நீளமான மணல் தீவு இருக்கு. கடற்கரை மணல்லயே வண்டி ஓட்டிக்கிட்டு மைல் கணக்கா போகலாம். நானும், ஹூஸ்டன்ல எங்க அப்பார்ட்மெண்ட்லயே இருக்கிற தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தரும் ஒரு ராத்திரி தங்குறதுக்குப் போனோம். என்கிட்ட இருந்தது 12 அடி ராடு, சாதாரண ரீல், 40 பவுண்ட் தங்கூசி. (நைலான் நரம்புக்கு எங்க அண்ணாச்சி சொல்ற பேரு தங்கூசி. நல்ல பேரு, அதையே வச்சுக்கிறேன்.) முள்ளில் ஒரு மடவையைக் கோத்து வீசிட்டு, மணல்ல நட்டு வச்சிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அது வளைஞ்சுது.

ஒரு மணி நாற்பத்தஞ்சு நிமிஷம். அது ஓடும், நான் கரையோரமா கூடவே ஓடுவேன். நின்னா கொஞ்சம் சுத்துவேன், திரும்ப ஓடும். கடைசியில வந்தது ஏழடிக் கொம்பன் சுறா, அதாங்க சுத்தியல் தலை. மணல்ல இழுத்துப் போட்டு போட்டோ எடுத்து, முள்ளைக் கழட்டித் தண்ணியில விட்டோம். மெதுவா நீந்திப் போச்சு. நானும் பெரிய வீரன் மாதிரி தூங்கப் போனேன்.

காலையில அரை மைல் தள்ளி அது கரை ஒதுங்கிக் கிடந்தது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "தம்பி, நீங்க பிடிக்கல. ஓட்டி ஓட்டிக் கொன்னுட்டீங்க"ன்னார். அவங்க அப்பா காலத்துல சுறாத் தொழில் பார்த்த குடும்பம். பிடிக்கிறதுன்னா பிடிச்சுத் தின்னணும், இல்லாட்டி தொடக்கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. ஊருக்கு வந்து, எங்கே தப்புன்னு பார்க்க உட்கார்ந்தவன், அப்படியே நூறு வருசம் பின்னாடி போயிட்டேன்.

முதல்ல ரீல். நூத்திச் சொச்சம் வருசத்துக்கு முன்னாடி இருந்த ரீல்ல கைப்பிடியும் நூல் சுத்தின சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு நேரா இணைஞ்சிருக்கும். மீன் ஓடினா கைப்பிடி எதிர்ப்பக்கமா சுழலும், பிடிச்சிருக்கிறவன் விரல் முட்டி எகிறிடும். பிரேக்னு இருந்ததெல்லாம் ஒரு தோல் துண்டு. அதைக் கட்டைவிரலால நூல் மேல வச்சு அழுத்திக்கிட்டே நிக்கணும். பெரிய மீன் வந்தா தோல் சூடாகும், அப்புறம் விரல் சூடாகும்.

இதுக்கு விடிவு வந்தது கலிபோர்னியாவின் காட்டலினா தீவுப் பக்கம் மீன் பிடிச்ச வில்லியம் போஷன் என்பவர் மூலமா. ரீலுக்குள்ள தட்டுகளை அடுக்கி, வெளியே நட்சத்திர வடிவத் திருகு ஒண்ணை வச்சு இறுக்கினா, கைப்பிடி அசையாம இருக்கும்போதே மீனால நூலை இழுத்துக்கிட்டுப் போக முடியும். இதுதான் யோசனை. புரூக்ளின்ல ஜூலியஸ் வோம் ஹோஃப் என்ற ரீல் கைவினைஞர் அதைச் செஞ்சு குடுத்தார். 1913-ல போஷன் அந்த மாதிரி ரீலை வச்சு ஒரு வாள்மீனைப் பிடிச்சார். அவர் பிடிச்சது படகுலேருந்துதான். ஆனா இன்னிக்குக் கரையில நிக்கிற ஒவ்வொருத்தன் கையில இருக்கிற பிரேக்குக்கும் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அடுத்தது நூல். அப்போ நைலான் கிடையாது, ஆளி நாரில் முறுக்கின லினன் நூல்தான். அதுல ஒரு அழகான கணக்கு. ஒரு இழை நனைஞ்ச நிலையில 3 பவுண்ட் தாங்கும். 39 இழை நூல்னா 117 பவுண்ட். நனைஞ்சா பலம் கூடும், ஆனா ஈரத்தோட விட்டா இத்துப் போகும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து நூல் முழுசையும் உருவி, துவைச்ச வேட்டி மாதிரி காயப் போடணும். நூத்துக்கணக்கான கெஜம்! இன்னிக்கு ரீலைக் குழாய்த் தண்ணியில காட்டிட்டுப் போறதுக்கே எனக்குச் சோம்பேறித்தனம்.

இப்போ எங்கே தப்புங்கிறதுக்கு வரேன். படகுல இருக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மீன் ஓடினா பின்னாலயே படகை விடலாம், நூல் தீராது. கரையில நிக்கிறவன் எங்கே போவான்? ஆகவே கரைச் சுறாவுக்கு நூல் நிறையப் பிடிக்கிற பெரிய சக்கரம் வேணும். இதுவரைக்கும் எல்லாருக்கும் புரியும். எனக்குப் புரியாம இருந்தது இதுக்கு அடுத்தது.

பிரேக்கை நீங்க ஒரு அளவுல வச்சுட்டீங்கன்னு வைங்க. நூல் போகப் போக சுருளோட குறுக்களவு சின்னதாகும். குறுக்களவு பாதியாச்சுன்னா, திருகைத் தொடாமலே இழுவிசை ரெண்டு மடங்காகும். பள்ளிக்கூட இயற்பியல்தான், நெம்புகோல் கணக்கு. 40 பவுண்ட் நூலுக்கு மூணுல ஒரு பங்கு, சுமார் 13 பவுண்டுல பிரேக் வைக்கிறோம். குறுக்களவு பாதியானதும் அது 26. தண்ணிக்குள்ள கிடக்கிற நூலைத் தண்ணி இழுக்கிறது தனி. அறுந்துடுமேன்னு பயந்து பிரேக்கைத் தளர்த்துவோம். தளர்த்தினா மீன் இன்னும் ஓடும், சண்டை நீளும். அன்னிக்கு நான் செஞ்சது அச்சு அசலா இதேதான். சின்ன ரீலை வச்சுக்கிட்டு 'விளையாட்டு நியாயம்'னு பேசுறவங்களை அதுக்கப்புறம் எனக்குப் பிடிக்காமப் போச்சு.

பழைய ஆளுங்க இதைக் கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களோ, நூலைப் பறிகொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டாங்களோ, பெருசுக்குத்தான் போனாங்க. 1920-களில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் ஊர்ல பில் செல்கிர்க் என்பவர் பாறைக் கரையிலேருந்து 2,176 பவுண்ட் வெள்ளைச் சுறாவைக் கரை சேர்த்தார். நம்ம கணக்குல 987 கிலோ. தூண்டில் சாதனைகளைப் பதிவு பண்ற சர்வதேச சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ. ஆரம்பிச்சதே 1939-லதான். அதே தென்னாப்பிரிக்கா 1991-ல வெள்ளைச் சுறாவைப் பிடிக்கத் தடை போட்டது. உலகத்துலேயே முதல் நாடு. இந்த ரெண்டு தகவலையும் ஒரே நாள் ராத்திரி அடுத்தடுத்துப் படிச்சேன், ஒரு மாதிரி இருந்தது.

அமெரிக்கப் பக்கம் கதாநாயகன் பென் கம்பெனி. ஜெர்மனியிலேருந்து பிழைக்க வந்த ஆட்டோ ஹென்சி 1932-ல பிலடெல்பியாவுல ஆரம்பிச்சது. பணக்காரங்க மட்டும் வாங்கின பெரிய கடல் ரீலை சாதாரண ஆளும் வாங்குற விலைக்குக் கொண்டு வந்தாங்க. 1936-ல வந்த 'செனட்டர்' ரீல்ல பல அளவு உண்டு: 9/0, 12/0, 14/0. எல்லாத்துக்கும் பெருசு 16/0. சின்னக் குடத்தை மடியில வச்ச மாதிரி இருக்கும்.

அந்த 16/0-ஐ வச்சு ஒருத்தர் பண்ணின காரியத்தைச் சொல்லாம இந்த வரலாறு நிறையாது. வால்டர் மேக்ஸ்வெல். நார்த் கரோலினாவின் ஷார்லட் நகரத்துக் கொத்தனார். பகல்ல செங்கல் அடுக்குறது, விடுமுறையில சுறா. 1964 ஜூன் மாசம், சவுத் கரோலினாவுல செர்ரி குரோவ் கடற்கரையிலேருந்து கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற மரப்பாலத்துல நிக்கிறார். 130 பவுண்ட் நூல், இரைக்குத் திருக்கை. 13-ஆம் தேதி ஒரு புலிச்சுறா மாட்டுது. பாலத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்தாச்சு. நூல் தாங்கிச்சு, ரீல் தாங்கிச்சு. கடைசியா மீனைக் கொத்தித் தூக்குற கொக்கி தாங்கலை. போயிடுச்சு.

மறுநாள் 14-ஆம் தேதி இன்னொண்ணு. இந்தத் தடவை விடலை. நீளம் 13 அடி 10.5 அங்குலம். எடை போட்டது அதுக்கும் மறுநாள்தான், வெயில்ல காய்ஞ்சு கொஞ்சம் எடை குறைஞ்ச பிறகு. அப்பவும் 1,780 பவுண்ட், 807 கிலோ. நாற்பது வருசம் அந்தச் சாதனையை யாராலும் தொட முடியலை. 2004-ல ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் 1,785 பவுண்ட் 11 அவுன்ஸ் புலிச்சுறா பிடிச்சார். ஆனா பழைய எடையை அரை சதவீதமாவது தாண்டினாத்தான் புதுச் சாதனைன்னு விதி இருக்கிறதால, 'சமம்'னு எழுதிட்டாங்க. கொத்தனார் பேரு அப்படியே நிக்குது. அந்தப் பாலத்தோட முனையை 2022 செப்டம்பர்ல இயன் புயல் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு.

எனக்கு அந்த 14-ஐ விட 13-ஆம் தேதிதான் பிடிச்சிருக்கு. நூல் இத்துப் போன காலத்துல நூல் அறுந்தது. நூல் உறுதியானதும் ரீல் திணறிச்சு. ரீலும் தேறினதும் கொக்கி நிமிர்ந்துது. ஒவ்வொரு கண்ணியா பலப்படுத்திக்கிட்டே வந்தாங்க. முள்ளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது மட்டும் யார் கணக்குலயும் வரலை. எப்படியும் சாகப்போற மீன்தானே.

1975-ல 'ஜாஸ்' படம் வந்ததும் சுறா பிடிக்கிறது அமெரிக்கக் கரைகள்ல பித்து மாதிரி ஆச்சு. அதோட துடுப்புக்காகவும் கறிக்காகவும் தொழில் முறையில பிடிக்கிறது ஏறிச்சு. எண்ணிக்கை சரியத் தொடங்கி, 1993-ல அட்லாண்டிக் சுறாக்களுக்குன்னு மத்திய அரசு மேலாண்மைத் திட்டமே போட வேண்டி வந்தது. பிடிச்சா விட்டுடணும் என்ற பழக்கம் மெல்ல வந்தது. அப்போதான் கேள்வியே மாறிச்சு. அறுமா அறாதாங்கிறது போய், விட்டா பிழைக்குமாங்கிறது வந்தது.

கொம்பன் சுறா விஷயத்துல இது ரொம்ப மோசம். அது பாதியில விட்டுக் கொடுக்கிற ஜாதி இல்லை. உடம்புல இருக்கிற எல்லாத்தையும் செலவழிக்கும், இரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறிடும். மூச்சு விடணும்னா நீந்திக்கிட்டே இருக்கணும். சோர்ந்து நின்னா அதுக்கு மூச்சும் நிக்குது. இன்னொண்ணு, சுறாவுக்கு நம்மளை மாதிரி விலாக்கூடு கிடையாது. மணல்ல இழுத்துப் போட்டா அதன் கனமே உள்ளுறுப்பை நசுக்கும். நான் போட்டோ எடுத்த அந்த நாலு நிமிஷம் என்ன நடந்துக்கிட்டு இருந்ததுன்னு இப்போ தெரியுது.

அதனால இன்னிக்குக் கரையில பெரிய சுறாவுக்கு எதை எடுப்பேன்னு கேட்டா, கையில கிடைக்கிறதிலேயே பெருசை. 80 வைடு அளவு ரீல். உள்ளே சுத்துறதுக்கு 1990-களில் வந்த பின்னல் நூல். மெல்லிசா இருக்கிறதால கெஜக்கணக்குல பிடிக்கும். மேலே நூறு கெஜம் தடித்த தங்கூசி. ஏன்னா பின்னல் நூல் மணல்லயும் சிப்பியிலயும் உரசினா உடனே போயிடும். முள்ளுக்கு மேல சில அடி கம்பி வடம், பல்லுக்காக. அதுக்கும் மேல பத்திருபது அடி, நல்லா தடித்த ஒரு தங்கூசி, தோலுக்காக. சுறாத் தோல் உப்புத்தாள் மாதிரி, வாலால ஒரு உரசு உரசினா சாதாரண நூல் காலி. ஈயக்குண்டுக்கு மணல்ல ஊணிக்கிற கம்பிக் கால்கள். இரையை வீச முடியாது, கயாக்ல ஏறி அலையைத் தாண்டிக் கொண்டு போய்ப் போடணும். (வீட்டம்மாகிட்ட ரீல் விலையைப் பாதிதான் சொல்லியிருக்கேன். அவங்க என் பதிவைப் படிக்கிறதில்லை என்ற தைரியம் :-)

முள்ளு விஷயம் இப்போ சட்டமாவே ஆயிடுச்சு. டெக்சாஸ்ல 2018-லயும் புளோரிடாவுல 2019-லயும், சுறாவுக்கு வட்ட முள்தான் போடணும், எவர்சில்வரா இருக்கக்கூடாதுன்னு விதி வந்தது. ஜே வடிவ முள்ளை மீன் விழுங்கிட்டா குடல்ல மாட்டும். வட்ட முள் முனை உள்பக்கமா திரும்பியிருக்கிறதால வழுக்கிக்கிட்டு வந்து வாய் ஓரத்துல மாட்டும். விட்டுப் போனாலும் துரு பிடிச்சு உதிர்ந்துடும். புளோரிடாவுல இன்னும் ஒரு படி மேல: கரையிலேருந்து சுறா பிடிக்கிறவங்க இலவசப் பெர்மிட் வாங்கணும், பாடம் படிக்கணும், நூலையோ முள்ளையோ வெட்ட ஒரு கருவி கையில இருக்கணும். தடை செய்யப்பட்ட சுறான்னா செவுள் தண்ணிக்குள்ளேயே இருக்கணும். அங்கே கொம்பன் அந்தப் பட்டியல்ல இருக்கு.

இதுல வேடிக்கை, ஹவாய்த் தீவுக்காரங்க இரும்பே பார்க்காத காலத்துல மரத்துல செஞ்சு, எலும்பு முனை கட்டின சுறா முள் ஹொனலுலுவின் பிஷப் மியூசியத்துல இருக்கு. அந்த முனையும் உள்ளே பார்த்துத்தான் திரும்பியிருக்கு.

போன வருசம் அண்ணாச்சி மறுபடி வந்தார். ரொம்ப வற்புறுத்தினதுக்கப்புறம். ராத்திரி ஒன்பதரைக்கு மாட்டிச்சு, திரும்பவும் கொம்பன். இருபத்திரண்டு நிமிஷம். இடுப்பளவு தண்ணியில நான் இறங்கிப் பிடிச்சுக்க, அண்ணாச்சி பெரிய கட்டரால முள்ளையே வெட்டிட்டார். போட்டோ எடுக்கலை. எத்தனை அடின்னு அளக்கவும் இல்லை. கேட்டா நம்ப மாட்டீங்க.

விடிஞ்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு வடக்கே மூணு மைல், தெற்கே மூணு மைல் கரையைப் பார்த்துக்கிட்டே போனேன். ஒண்ணும் ஒதுங்கலை. அதனால பிழைச்சுதுன்னு சொல்ல முடியாது, ஆழத்துல போய் விழுந்திருக்கலாம். திரும்பி வந்தப்போ அண்ணாச்சி அடுப்புல காபி போட்டு வச்சிருந்தார். "இருந்துச்சா?"ன்னார். இல்லைன்னேன். டம்ளரை என் பக்கம் தள்ளினார்.