ஒரே குசினிக்குள் விறகும் காஸும்

கடந்த மாரி வரை கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒரு மூலையில் விறகடுப்பு, நாலடி தள்ளி காஸ் அடுப்பு. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களில், கைவிட்டிருந்த விறகடுப்பை அம்மா மீண்டும் மூட்டினார். வரிசை போய்விட்டது, விறகடுப்பு போகவில்லை. வன்னியில் நான் போய்வரும் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான்.

2021 நவம்பர், டிசெம்பரில் நாடெங்கும் காஸ் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. சிலிண்டர் வெடித்தது என்றே நாங்கள் எழுதினோம். பெரும்பாலான இடங்களில் சிலிண்டர் உடையவேயில்லை; கசிந்த வாயுதான் தீப்பற்றியது, அல்லது அடுப்பு வெடித்தது. பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையிலான ஜனாதிபதிக் குழு, வாயுக் கலவை மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்றது. கலவையில் புரொப்பேன் கூடியிருந்தது. நம் வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். பழைய குழாயும் தேய்ந்த வாஷரும் அதைத் தாங்குமா என்று பாவனையாளரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து போகும். நாலடி தள்ளி, தரைமட்டத்தில் தணல் காத்திருக்கிறது. யன்னல் திறந்திருந்தாலும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும்.

மணத்தை மட்டும் நம்பவும் முடியாது. காஸுக்கு இயல்பில் மணமில்லை. எதைல் மெர்கப்டன் என்ற பொருளைச் சேர்த்தே மணமூட்டுகிறார்கள். 2021 டிசெம்பரில் அது போதாதென்று ஒரு கப்பலின் எரிவாயுவை இறக்கவே தடை விதித்தார்கள். விறகுப் புகை நிறைந்த குசினியில் நல்ல மணமும் மூக்குக்கு எட்டாது.

ஆகவே சவர்க்காரத் தண்ணீர்தான் வழி. அக்கம்பக்கத்தில் நெருப்பில்லாதபோது, அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேற்றரைத் திறந்துவிட்டு, குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேற்றரைச் சுற்றியும் நுரையைப் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டும். குழாயில் வெடிப்பு தெரிந்தால் ரேப் சுற்றாதீர்கள், புதிது வாங்குங்கள்.

கசிவு தெரிந்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேற்றரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். விறகு எரிந்துகொண்டிருந்தால் உள்ளே போகவே வேண்டாம், ஆட்களை அப்புறப்படுத்துங்கள். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. உட்கிராமங்களுக்கு உதவி வந்துசேர இன்றைக்கும் நேரமெடுக்கும். சுட்ட இடத்தில் பற்பசை பூசாமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரைப் பிடித்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

எங்கள் விறகடுப்பு இப்போது பின்வளவுக் கொட்டிலில் இருக்கிறது. மழை பெய்தால் அம்மா என்னைத்தான் திட்டுகிறார்.